எட்டாம் கட்டளையும் சாதிச் சான்றிதழும்

1

பொய் சொல்லக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பங்குச்சாமியாருக்குக் கிடையாது, தாசில்தாருக்குக் கிடையாது, உச்ச நீதிமன்றத்துக்கும் கிடையாது. கத்தோலிக்கர் எண்ணிக்கைப்படி அது எட்டாம் கட்டளை, சி.எஸ்.ஐ. சபையார் எண்ணிக்கைப்படி ஒன்பதாம் கட்டளை. எண்தான் மாறுது. எங்க ஊர்க் கோயில்ல ஞானோபதேச வகுப்பில் இந்தக் கட்டளைக்குச் சொல்லப்பட்ட உதாரணங்கள் இரண்டு. பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு இல்லை என்று சாதிப்பது ஒன்று. கடைக்குக் கொடுத்த காசில் முட்டாய் வாங்கித் தின்றுவிட்டுக் காசு தொலைஞ்சுபோச்சு என்பது இன்னொன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சொல்லக்கூடிய பொய்களாகப் பார்த்துத்தான் உதாரணம் கிடைத்திருக்கிறது. கூலிக் கணக்கைக் குறைத்து எழுதுகிறவர், பட்டாவைத் திருத்தியவர், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் வைத்துக்கொண்டு 'எங்க சபையில சாதி இல்லை' என்று பிரசங்கம் வைக்கிறவர் ஆகியோர் யாரும் அந்த வகுப்புக்குள் வரவே இல்லை.

அந்தக் கட்டளையை உற்றுப் படித்தால் அது முட்டாய்ப் பொய்யைப் பற்றிப் பேசவில்லை. பொய்ச்சாட்சியைப் பற்றிப் பேசுகிறது. பழைய இஸ்ரவேல் ஊர்களில் பெரியவர்கள் ஊர்வாசலில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தார்கள். அங்கே ஒருவன் சொல்லும் சொல்லால் இன்னொருவனின் நிலம் போகும், உயிர் போகும். அந்த இடத்தில் அடுத்தவரைக் கெடுக்கும் சாட்சி சொல்லக் கூடாது என்பதுதான் அடிப்படை. சொல்லால் பிறரைக் கெடுக்கிற வலிமை எந்த வாய்க்கு இருக்கிறதோ அந்த வாயை நோக்கியே அந்தக் கட்டளை முதலில் சொல்லப்பட்டது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஞானஸ்நானம் பெற்று, கிறித்தவராகவே வாழ்கிற ஒரு தலித், தாசில்தார் அலுவலகப் படிவத்தில் 'இந்து' என்று எழுதுகிறார். அது பொய்யா? பொய் என்றால் யாருடைய பொய்? நம்மவர்கள் இதை வெளியில் பேசுவதில்லை. பேசினால் சான்றிதழ் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் ஊர், ஆள் எதையும் குறிப்பிடாமல்தான் நானும் எழுதுகிறேன். ஆனால் பேசாமலே இருந்தால் இந்தப் பாரம் எங்க சனங்க மனசாட்சியின் மேல் மட்டுமே கிடக்கும். அது நியாயமல்ல.

2

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேராத ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் அதைத் திருத்திச் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் திருத்திப் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசு கல்வி உதவித்தொகையில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 18 சதவீத இடஒதுக்கீட்டில் இடமில்லை, தனித் தொகுதியில் நிற்க முடியாது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. காலனியில் வீடு, பறையன் என்ற வசை, டீக்கடையில் தனிக் குவளை, இதிலெல்லாம் வேதக்காரன், இந்து என்று ஊர்க்காரன் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசாங்கம் மட்டும் பிரித்துப் பார்க்கிறது.

இந்த ஆணையின் முன்னால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சூசை வழக்கு சாட்சி. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை தரும் திட்டம் வந்தது. இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. அதே தொழில், அதே தெருவோரம், அதே சாதி, இவருக்குக் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியின் கொடுமை புதிய மதச் சூழலுக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்கான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

மனுசன் ஒளிக்கவில்லை. 'நான் கிறித்தவன், செருப்புத் தைக்கிறவன், ஆதிதிராவிடன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார். அந்த உண்மைக்கு விலை ஒரு பங்க் கடை. எட்டாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் ஒருதரமாவது சூசையின் பெயரைப் பீடத்திலிருந்து சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்ட பிரசங்கங்களில் அனனியா, சப்பிராள் கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. நிலம் விற்ற காசில் ஒரு பகுதியை ஒளித்துப் பொய் சொன்னதால் செத்து விழுந்தவர்களின் கதை. விற்பதற்கு ஒரு சென்ட் நிலமும் இல்லாத தெருச் சனங்க அதைக் கேட்டுப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாங்க.

3

சான்றிதழுக்கு மனுப் போட்டால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார். வி.ஏ.ஓ. வர்றாருன்னு சேதி வந்தா எங்க தெருவுல ஒரு பரபரப்பு. திரு இருதய ஆண்டவர் படம் சுவரை விட்டு இறங்கி டிரங்குப் பெட்டிக்குள் போகும். ஜெபமாலை அரிசிப் பானைக்குள் போகும். பக்கத்து வீட்டு முருகன் காலண்டர் நம்ம வீட்டு ஆணிக்கு வரும். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரியும். வி.ஏ.ஓ. அதைப் பார்ப்பார். என்ன படம் இருந்தது என்று அவருக்கும் தெரியும். 'சரி சரி, கையெழுத்துப் போடுங்க' என்பார். தெரிந்துகொண்டே கேட்பவரும், தெரியும் என்று தெரிந்துகொண்டே சொல்பவரும் சேர்ந்து நடத்துகிற கூத்து இது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பொய்க்கு இலக்கணம் சொல்கிறவர்கள் இந்த நிலையையும் கணக்கில் எடுக்கணும்.

பெயரும் இரண்டு. கோயில் பதிவேட்டில் அருளப்பன், பள்ளிக்கூடப் பதிவேட்டில் முருகேசன். வீட்டில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவான், வகுப்பில் இன்னொரு பெயருக்குத் திரும்புவான்.

இதே ஆள் படித்து வேலைக்குப் போய் மதுரையிலோ சென்னையிலோ வாடகைக்கு வீடு தேடும்போது கதை தலைகீழாக மாறுகிறது. வீட்டுக்காரர் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டால், 'நாங்க கிறிஸ்டியன்ஸ்' என்று பதில் வருகிறது. அது சத்தியமான வார்த்தை. ஆனால் அங்கே அது சாதியை மறைக்கிற துணி. வீட்டுக்காரரும் சும்மா விடுவதில்லை. 'கிறிஸ்டியன்னா நாடாரா, உடையாரா, எந்த ஊர்ப் பக்கம்?' என்பார். தாசில்தாருக்கு முன்னால் 'இந்து' என்றதும் வீட்டுக்காரருக்கு முன்னால் 'கிறிஸ்டியன்' என்றதும் ஒரே வாய். முதலாவது பொய், இரண்டாவது உண்மை என்று அகராதியை வைத்துச் சொல்லலாம். வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் முதலாவதில் தன் சாதியைத் திறந்து சொன்னார், மதத்தை மறைத்தார். இரண்டாவதில் மதத்தைத் திறந்து சொன்னார், சாதியை மறைத்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்த நாட்டில் ஒரு இடம் கிடையாது.

என் அப்பாயி பாவசங்கீர்த்தனத்துக்குத் தவறாமல் போகிறவர். பேரப்பிள்ளைகளின் சான்றிதழ் விசாரணையில் 'நாங்க வேதக்காரங்க இல்ல சாமி' என்று அதிகாரியிடம் அவர்தான் சொன்னார். அடுத்த வாரம் போய் அதைப் பாவமாகச் சொன்னார். 'பேதுரு மாதிரி ஆண்டவரை மறுதலிச்சிட்டீங்களேம்மா' என்று சொல்லி ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை அபராதமாகக் கொடுத்தாராம் சாமியார். அப்பாயி அன்றைக்குச் சோறு தின்னலை. 'பொய் சொன்னது நெசம்தானே' என்று எங்களிடம் சொன்னார். அந்தக் கோயிலின் திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. தெருமுனையோடு திரும்பிவிடும். கோயில் திருப்புகிறது என்று யாரும் சொல்வதில்லை, 'அது பழைய பாதை' என்பார்கள். அந்தப் பழைய பாதையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யாராவது சொன்னார்களா, யாருக்காவது ஜெபமாலை அபராதம் கிடைத்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. சப்பரம் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

4

திருச்சபைக்கு மதம் வேறு, சமூக வழக்கம் வேறு என்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே தெரியும். வரலாறு இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தான் பறங்கி இல்லை என்றார். ரோமாபுரி உயர்குடியில் பிறந்தவர் என்றார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, அதே சபையைச் சேர்ந்த மூத்த குருவோடும் பரதவக் கிறித்தவர்களோடும் கலவாமல் தனியே இருந்தார். தம்மிடம் சேர்ந்த பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் விட வேண்டாம் என்றார். எதிர்ப்பு வந்தது. விவகாரம் ரோமுக்குப் போனது. பூணூல் மதச் சின்னமா, குலப் பெருமையின் சமூக அடையாளமா என்று பெரிய விவாதம். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கை கலவாத சமூக வழக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். தாழ்ந்த குலத்தாரை இகழக் கூடாது என்றும் அதே ஆவணம் கேட்டுக்கொண்டது. பூணூலுக்கு அனுமதி கிடைத்தது, இகழாமைக்கு வேண்டுகோள் கிடைத்தது. பிறகு உயர்சாதியாருக்குத் தனிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று ஏற்பாடு வந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் காலத்தில் பறையருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது என்ற ஏற்பாட்டோடு அந்த நீண்ட சண்டை முடிந்தது.

தெ நொபிலியின் தமிழ்ப் பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. தமிழ் எம்.ஏ. படித்த எவரும் அவரைத் தாண்டி உரைநடை வரலாற்றைச் சொல்ல முடியாது. நான் கேட்பது வேறு. மார்பில் கிடந்த நூலை 'இது மதமல்ல, சமூகம்' என்று பிரித்துப் பார்க்க ரோமாபுரி வரை போய், ஆண்டுக்கணக்கில் வாதாடி, பாப்பரசர் முத்திரை வாங்க முடிந்தது. காகிதத்தில் கிடக்கிற 'இந்து' என்ற சொல்லை 'இது மதமல்ல, சட்டம் போட்ட சமூக முத்திரை' என்று பிரித்துப் பார்க்க அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. மேல்சாதியின் அரை உண்மைக்கு இறையியல். தலித்தின் அரை உண்மைக்கு ஜெபமாலை அபராதம்.

உண்மையிலேயே அந்தச் சொல் விசுவாசத்தைக் குறிப்பதில்லை. கடவுளே இல்லை என்று கறுப்புச் சட்டை போடுகிற தலித் தோழருக்கும் 'இந்து' என்றுதான் சான்றிதழ். அவரைக் கூப்பிட்டு 'முருகனை நம்புறியா?' என்று எந்த ஆர்.ஐ.யும் விசாரித்ததில்லை. நாங்கள் இந்துக்கள் அல்ல என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் வழியில் நிற்கிறவர்களுக்கும் அந்தச் சொல் பொருந்தாத சட்டைதான். நடைமுறையில் அந்தப் படிவத்தின் 'இந்து' என்பதற்கு அர்த்தம் 'கிறித்தவனோ இசுலாமியனோ அல்ல' என்பது மட்டும்தான். கேள்வியே கோணல். கோணல் கேள்விக்கு நேர் பதில் எங்கிருந்து வரும்?

5

பொய்யைப் பற்றிக் கிறித்தவ மரபில் கடுமையான தரப்பு ஒன்று உண்டு. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். எந்த நன்மைக்காகவும், ஓர் உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் சொல்லலாகாது என்பது அவர் நிலை. தர்க்கம் சுத்தமானது. ஆனால் யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எபிரேய மருத்துவச்சிகள் இரண்டு பேர் வருகிறார்கள். பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொல்கிறான் பாரவோன். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, எபிரேயப் பெண்கள் வலுவானவர்கள், நாங்கள் போவதற்கு முன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் சொல்கிறது. கடவுள் பொய்க்காக அல்ல, இரக்கத்துக்காகத்தான் வெகுமதி கொடுத்தார் என்று அகுஸ்தினார் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இரக்கம் பாரவோனுக்கு முன்னால் வேறெந்த உருவத்தில் வந்திருக்க முடியும் என்று நான் கேட்கிறேன். நம்ம தெருக்களில் பிள்ளைப்பேறு பார்த்த கிழவிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

இட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போய் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய லூத்தரன் போதகர் தீத்ரிக் போன்ஹாஃபர், உண்மை பேசுவது என்றால் என்ன என்று சிறையில் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு உதாரணம். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, ஆசிரியர் ஒரு பையனிடம், உன் அப்பன் குடித்துவிட்டு வருகிறானாமே என்று கேட்கிறார். வருவது உண்மை. பையன் இல்லை என்கிறான். போன்ஹாஃபர் சொல்கிறார்: பையன் சொன்னது பொய் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பொய்யில் உண்மை அதிகம், ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு உரிமை இல்லை, தவறு முழுக்க ஆசிரியர் மேல்தான். எங்க பள்ளிக்கூடங்களில் எழுந்து நிற்கச் சொல்லி, எல்லார் முன்னாடியும் சாதி கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பையனை நன்றாகத் தெரியும்.

வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது நடந்ததை நடந்தபடி சொல்வதை அளவுகோலாக வைக்கவில்லை. தீங்கு இல்லாமையை வைத்தார். அதிகாரம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் அந்த முதல் குறளில் கொஞ்சம் நிற்கலாம்.

இனி பேதுரு. அப்பாயியைக் குத்திய பெயர் அது. பிரதான குருவின் முற்றம், குளிருக்கு மூட்டிய நெருப்பு, சுற்றிலும் அதிகாரத்தின் ஆட்கள். நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். மூன்று முறை இல்லை என்கிறார். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது. பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பேச்சு. கலிலேயா நாட்டுப்புறத்தான் பேச்சு. வாயைத் திறந்ததும் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துபோகிறது. நகரத்தில் வாயைத் திறக்க யோசித்து நிற்கிற நம்ம பிள்ளைகளுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. பேதுரு பிறகு அழுதார். அவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. அந்த ஆள்மேலேயே திருச்சபை கட்டப்பட்டது. மறுதலித்தவரின் பெயரில் பேராலயம் கட்டி வைத்திருக்கிற சபை, பேரப்பிள்ளையின் படிப்புக்காக ஒரு வார்த்தை சொன்ன கிழவியை அந்தப் பெயரைச் சொல்லிக் குத்துவது எந்த ஊர் நியாயம்?

6

இதோடு முடித்துவிட்டால் தோழர்கள் கைதட்டுவார்கள். 'பொய்யே இல்லை இது, ஒடுக்கப்பட்டவனின் தந்திரம், இதற்குப் போய் ஒழுக்க விசாரணை எதுக்கு?' என்று கேட்கிற தோழர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. பாவம் இல்லை என்று சொல்வது ஒன்று, சேதம் இல்லை என்று சொல்வது வேறொன்று. சேதம் இருக்கிறது.

சாதிவெறியர்கள் தாக்கினால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடுகிறோம். எதிர்த்தரப்பு வக்கீல் நம்ம உடம்புக் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுகிறார். 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம், கிறித்தவராகிவிட்டவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. தேர்தலிலும் இதே கதை. கேரளத்தில் தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் ஜெயித்தவர், தமிழ்நாட்டிலிருந்து மலைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. கோயில் பதிவேடுகளும் கல்யாணப் போட்டோவும் நீதிமன்றத்துக்கு வந்தன. 2023இல் உயர்நீதிமன்றம் அவர் வெற்றி செல்லாது என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி வெற்றி செல்லும் என்றது. நான்கு ஆண்டு ஒரு மனுசனின் பக்தி வழக்கில் கிடந்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 'மோசடி' என்ற அந்தச் சொல் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் விழவில்லை. எங்க தெரு முழுக்க விழுந்தது.

இரண்டாவது சேதம் இன்னும் பெரியது. நம் சாட்சியமே காணாமல் போகிறது. 1985இல் நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு, அந்த அறிக்கை களத்தில் ஆராயாமல் எழுதப்பட்டது, ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. ஒவ்வொரு முறையும் 'எத்தனை பேர்? என்ன கொடுமை? எங்கே ஆதாரம்?' என்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் இந்து, சான்றிதழில் இந்து, கோயில் பதிவேட்டில் மட்டும் கிறித்தவர் என்று இருந்தால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? உண்மையைச் சொன்னால் தண்டனை என்று சட்டம் போட்டுவிட்டு, உண்மைக்குப் புள்ளிவிவரம் கொண்டுவா என்று கேட்கிறார்கள். சூசை சொன்ன மாதிரி லட்சம் பேர் சொன்னால் வழக்கு பலமாகும். லட்சம் பேர் பிள்ளைகளின் படிப்பு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் நிற்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகள். படம் ஏன் பெட்டிக்குள் போகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும். 'சும்மா இரு' என்பதுதான் அதற்குக் கிடைக்கும் பதில். தன் பெயரே சொல்லக்கூடாத ஒன்று என்று அது புரிந்துகொள்கிறது. சாதியால் வந்த வெட்கம் போதாது என்று மதத்தாலும் ஒரு வெட்கம் சேர்கிறது. இந்த வெட்கத்தை எந்த இடஒதுக்கீடும் ஈடுகட்டாது.

7

அப்படியென்றால் என்ன செய்வது? உண்மை பேசும் கடமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்பது என் முடிவு. யாருடைய சொல்லுக்கு அதிகாரம் அதிகமோ அவர்தான் முதலில் உண்மை பேச வேண்டும். வரிசை தாசில்தார் அலுவலகத் திண்ணையில் ஆரம்பிக்கக் கூடாது, மேலிருந்து வரணும்.

அரசு, சாதி இந்து மதத்துக்குள் மட்டும் இருக்கிறது என்கிறது. திருச்சபை, எங்களிடம் சாதி இல்லை என்று நெடுங்காலம் சொன்னது. நீதிமன்றத்தில் அரசு சொன்னதும் கோயில் பிரசங்கமும் ஒன்றுக்கொன்று சாட்சி. இரண்டும் சேர்ந்துதான் சூசையைத் தோற்கடித்தன. கட்டளை கண்டித்த பொய்ச்சாட்சி என்றால் அது இதுதான். அடுத்தவரின் பிழைப்பைக் கெடுத்த சாட்சி. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டுத் தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. அது நல்லது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறித்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. அதுவும் நல்லது. ஆனால் டெல்லியில் ஒப்புக்கொண்டது பங்குக்கு வந்து சேரணும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை. 2022இல் தேவசகாயத்தைப் புனிதராக்கும்போது வத்திக்கான் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை நீக்கியது. பெயரில் முடிந்தது தெருவிலும் தோட்டத்திலும் முடிய வேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் சப்பரம் எந்தத் தெரு வரை போகுது, கல்லறை எத்தனை, பங்குப் பேரவையில் யார் யார், கோயில் திருவிழா வரி யாரிடம் வாங்குவதில்லை என்று திருச்சபையே எழுதி, கையெழுத்திட்டு, ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுக்கலாம். தனி ஆள் யார் பெயரும் அதில் வேண்டியதில்லை. யார் சான்றிதழும் போகாது. நீதிமன்றம் நாற்பது ஆண்டாகக் கேட்கிற ஆதாரம் அதுதான். வேதத்துக்காக உயிர் கொடுத்தவரைத் தமிழில் வேதசாட்சி என்கிறோம். சாட்சி என்ற சொல்லின் கனம் தெரிந்த சபை இந்த ஒரு சாட்சியத்தையாவது எழுதித் தரணும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. பிள்ளைகளிடம் 'சும்மா இரு' என்று சொல்வதை விடுவோம். படம் ஏன் பெட்டிக்குள் போகிறது, 1950இல் என்ன நடந்தது, பங்க் கடை கேட்ட சூசை யார் என்று வீட்டில் உட்கார வைத்துச் சொல்வோம். அதிகாரியிடம் சொல்ல முடியாத உண்மையை நம்மவர்களுக்குள் சொல்லாமல் விட்டால் அது அழுகிப் போகும். இயக்கக் கூட்டங்களில் 'இந்து தலித்', 'கிறித்தவ தலித்' என்று பங்கு குறையும் பயத்தில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்ப்பதையும் பேசித் தீர்ப்போம். மூன்றாம் பத்தியை எடுக்கச் சொல்லும் போராட்டம் சலுகைக்கான போராட்டம் மட்டுமல்ல. பேரும் சாமியும் சாதியும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வீடு திரும்பும் உரிமைக்கான போராட்டம்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற எங்க தெருப் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தில் எழுதியதை அங்கே சொல்ல வேண்டாம். அது உங்கள் பாவம் இல்லை. சாமியார் கேட்டால், சப்பரம் எப்போது எங்க தெருவுக்கு வரும் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்கிற பதில் உண்மையாக இருக்கணும்.